கடை வைஃபையில் ஏஆர்பி மோசடி: எங்கே கோட்டை விடுகிறோம்?

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பல சிறு கடைகளில் கல்லாவுக்கு மேலேயே வைஃபை பாஸ்வேர்டை ஒட்டி வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரின் போனும் கணக்குப் பார்க்கும் லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில்தான். கேட்டால், “அதான் பாஸ்வேர்டு இருக்கே!” என்பார்கள். முதல் தவறு இதுதான். ஏஆர்பி மோசடி செய்பவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தவர்.

ஒரு ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று கேட்டு, அதன் மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) அறிய உதவுவது ஏஆர்பி. 1982இல் வந்த இந்த நெறிமுறையில் சரிபார்ப்பு என்பதே கிடையாது. ‘ரூட்டர் நான்தான்’ என்று எந்தக் கருவி சொன்னாலும் மற்றவை நம்பிவிடும். அதன் பிறகு உங்கள் டேட்டா போக்குவரத்தெல்லாம் அந்தக் கருவி வழியாகத்தான் போகும்.

விண்டோஸில் ஏஆர்பி பட்டியலைத் திறந்து பாருங்கள். ரூட்டரின் 192.168.1.1க்கும் வேறொரு கருவியின் 192.168.1.37க்கும் ஒரே மேக் முகவரி இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் உடனே ‘ஹேக்’ என்று அலற வேண்டாம். வைஃபை ரிப்பீட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகள் பலவும் ரிப்பீட்டரின் மேக்கிலேயே தெரியும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டாலும் குழப்பம் வரலாம். பல ரூட்டர்களில் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் அடுத்தடுத்த எண்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே ரூட்டரின் மேக்கைக் குறித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். யாரும் செய்வதில்லை!

ரூட்டரை அணைத்துப் போட்டால் மோசடி போய்விடும் என்பதும் வீண் நம்பிக்கை. பொய்ப் பதில்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். நெட்வொர்க் சுவிட்சின் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) மேக் அட்டவணையைப் பார்த்து, சந்தேகத்துக்குரிய மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ அதைத் துண்டியுங்கள். முகவரியை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடுவது பல நேரம் பயன் தராது. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்றிருந்தால் அது பெரும்பாலும் போன் தானாக உருவாக்கிக்கொண்ட முகவரி.

அலுவலகங்களில் நடப்பது வேறு கூத்து. போர்ட் செக்யூரிட்டி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது ஒரு போர்ட்டில் எத்தனை மேக், எந்த மேக் என்றுதான் பார்க்கும். பொய் சொல்பவரோ தன் சொந்த மேக்கைத்தான் பயன்படுத்துகிறார். இதற்கான மருந்து, ஏஆர்பி பதில்களைச் சுவிட்சே சரிபார்க்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன். அதையும் அவசரப்பட்டுப் போட்டால் அலுவலகமே முடங்கும். டிஎச்சிபி ஸ்னூப்பிங் (எந்தக் கருவிக்கு எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்று சுவிட்ச் கவனித்துக் குறிக்கும் வசதி) சேர்த்து வைத்த பட்டியலைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. ஸ்னூப்பிங்கை முதலில் போட்டு, எல்லாக் கருவிகளும் முகவரியைப் புதுப்பிக்கும்வரை பொறுங்கள். நிலையான ஐபி வைத்திருக்கும் பிரிண்டர், சிசிடிவி ஆகியவற்றைக் கையால் சேருங்கள். ரூட்டருக்குப் போகும் போர்ட்டை நம்பகமானது என்று குறிக்க மறக்காதீர்கள்.

சிறு கடைக்கு இவ்வளவு தேவையில்லை. வாடிக்கையாளருக்கு கெஸ்ட் வைஃபையைத் தனியாகத் திறந்து, கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்தாலே பெரும்பங்கு வேலை முடிந்தது. பிரௌசர் சான்றிதழ் எச்சரிக்கை (தளம் அசல்தானா என்ற சந்தேகம்) காட்டும்போது ‘பரவாயில்லை’ என்று தாண்டிப் போகவும் கூடாது.

கற்றுக்கொள்ளும் ஆசையில் பக்கத்துக் கடை நெட்வொர்க்கில் சோதித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அனுமதி இல்லாமல் செய்தால் சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டு கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி குற்றம். சோதனைக்கு உங்கள் வீட்டு ரூட்டரும் பழைய லேப்டாப்பும் போதும். உண்மையிலேயே தாக்குதல் நடந்திருந்தால் பதிவுகளை அழிக்காமல் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவான சிங்செர்ட்டிடம் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் போலீசிலும் புகார் கொடுங்கள்.