மலை ரயில் சங்கத்துக்கு நிர்வாகிகள்: தேர்வில் நடக்கும் தவறுகள்

எண்ணைக் கேட்டதும், அந்த எஞ்சின் சுவிட்சர்லாந்தில் செய்ததா பொன்மலையில் செய்ததா என்று சொல்லிவிடும் ரசிகர்கள் நீலகிரியில் உண்டு. சங்கம் இருப்பதே அவர்களால்தான். ஆனால் அந்த ஞானத்துக்காகவே ஒருவரைச் செயலாளராக்குவதுதான் பெரிய தவறு. கூட்ட அறிவிப்பு அனுப்புவது, மினிட்ஸ் எழுதுவது, பதிவாளரிடம் படிவம் கொடுப்பது, இவைதான் செயலாளரின் வேலை. இவற்றில் மனம் ஒட்டாதவர் நாலு மாதத்தில் சோர்ந்துவிடுவார். அவரிடம் படங்களையும் பழைய ஆவணங்களையும் தொகுக்கும் பொறுப்பைக் கொடுங்கள், பிரமாதமாகச் செய்வார்.

எனவே ஆளைத் தேடுமுன் வேலையை எழுதுங்கள். பதவிக்கு அரைப்பக்கம் போதும்: மாதம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள் என்ன முடிய வேண்டும். போட்டியிடுபவர் அதைப் படித்த பிறகே வேட்புமனு கொடுக்கட்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். மூன்றே பேரோடு நின்றால், ஒருவர் கோவைக்குக் குடிபெயர்ந்து விலகினாலே குழு செல்லாமல் போகும். 7 பேர் நல்ல அளவு. ஏழு பேரின் காலமும் ஒரே நாளில் முடியாதபடி, ஆண்டுக்கு 2, 2, 3 என்று மாறும் விதியைத் துணைவிதியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

பணத்தில்தான் சங்கங்கள் உடைகின்றன. காசோலைக்கு மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும், அந்த மூவரில் அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோ இருக்கக் கூடாது. சந்தாவைப் பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. நேர்மையானவரையும் சந்தேகத்தில் மாட்டிவிடும் பழக்கம் அது. சங்கக் கணக்கின் க்யூஆர் அட்டை ஒன்றே போதும்.

லாட்ஜ், டாக்சி, சுற்றுலாத் தொழில் செய்பவர்களைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. மலையில் அவர்களை விட்டால் பாதிப் பேர் இல்லை. ஆனால் தொழில் விவரத்தை முன்கூட்டியே எழுதித் தரட்டும். சங்கப் பயணத்துக்கு அவருடைய வண்டியையே பேசும் நாளில், அவர் வெளியே இருந்தார், ஓட்டுப் போடவில்லை என்று மினிட்ஸில் பதிய வேண்டும். பணியிலிருக்கும் ரயில்வே ஊழியர் என்றால் முதலில் துறையின் எழுத்து அனுமதி. ரயில்வே நிர்வாகத்தை எதிர்த்துச் சங்கத்தின் மனு போகும்போது கையெழுத்திட முடியாத பதவியில் அவரை உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பிரமுகர்களுக்கு ஆலோசகர் பட்டம் போதும். குழுவில் சேர்த்தால் கூட்டத்துக்கு வராமல் கோரத்தை, அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையைக் கெடுப்பார்கள்.

தேர்தலை நவம்பரில் வைக்காதீர்கள். மண்சரிவில் பாதை அடைபட்டால் மேட்டுப்பாளையம் உறுப்பினர்களின் ஓட்டு போய்விடும். ஏப்ரல், மே சீசனில் கடைக்காரர்களுக்கு நேரமில்லை. பிப்ரவரியில், ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையிலுள்ள குன்னூரில் வையுங்கள். அறிவிப்பு 21 நாளுக்கு முன்பே போகட்டும்.

முடிவு அறிவித்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது கடைசித் தவறு. குழு மாற்றத்தைப் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தீர்மான நகலும் புதியவர்களின் கேஒய்சியும் வங்கிக்குப் போக வேண்டும். அதுவரை பழைய பொருளாளர் கையெழுத்துதான் செல்லும், அவரைக் கோபித்துக்கொண்டு அனுப்பாதீர்கள். மினிட்ஸ் புத்தகம், வவுச்சர்கள், மின்னஞ்சல் கடவுச்சொல், ஓடிபி வரும் சிம் கார்டு, எல்லாவற்றையும் பட்டியலிட்டு இருவர் கையெழுத்தோடு ஒப்படையுங்கள்.