மோஷன் டெஸ்டில் அமீபா தெரிகிறதா? எட்டு வரை எண்ணுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு லேப் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ரிப்போர்ட்டில் வெறுமனே 'அமீபா' என்று எழுதினால், தேவையில்லாத மாத்திரை ஒருவர் வயிற்றுக்குள் போகும். நான் பழகிய லேபிலிருந்து அப்படி ஒரு ரிப்போர்ட் போனது. இன்றும் மனதை உறுத்துகிறது.

முதலில் ஸ்லைடு. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் ஒரு சொட்டு சலைன் (உப்புக் கரைசல்), மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். குச்சி நுனியளவு மலத்தை முதலில் சலைனிலும் பிறகு அயோடினிலும் கலக்கி, கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாய்த்து மூடுங்கள். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும்.

அடுத்து, சலைன் பக்கம். பேதியான மலத்தில் ஊர்ந்து இரை தின்னும் நிலையிலுள்ள அமீபா (ட்ரோபோசோயிட்) கிடைக்கலாம். தீங்கில்லாத குடல் அமீபாவான என்டமீபா கோலை மந்தமாக அசையும். உள்ளே பாக்டீரியா கிடக்கும். சிவப்பணுவை விழுங்கியிருந்தால் அது நோய் தரும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அயோடின் பக்கம். சிஸ்ட், அதாவது உருண்டு ஓடு கட்டிய அமீபா, மஞ்சளாகத் தெரியும். ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி உள்ளே இருக்கும் நியூக்ளியஸை (உட்கருவை) எண்ணுங்கள். அவசரம் வேண்டாம், எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது. முற்றிய கோலை சிஸ்ட்டில் 8 இருக்கும், ஹிஸ்டோலிட்டிகாவில் 4.

இந்த 8 எப்படி வந்தது? மலம் கலந்த தண்ணீரோடு விழுங்கிய சிஸ்ட், வயிற்று அமிலத்தைத் தாங்கிச் சிறுகுடலில் உடையும். வெளிவரும் அமீபா பிரிந்து குட்டிகளாகி, பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவைத் தின்று இரண்டிரண்டாகப் பெருகும். குடல் சுவரை அரிக்காது. மலம் இறுகத் தொடங்கியதும் உருண்டு, ஓடு கட்டும். உள்ளே நியூக்ளியஸ் 1, 2, 4, 8 என்று பிரியும். வெளியே வந்த ட்ரோபோசோயிட் சீக்கிரம் செத்துவிடும். சிஸ்ட் ஈரத்தில் பல நாள் காத்திருக்கும்.

4 இருந்தாலே ஹிஸ்டோலிட்டிகா என்று முடிவு கட்டாதீர்கள். தீங்கில்லாத என்டமீபா டிஸ்பார் என்ற அமீபாவின் சிஸ்ட்டும் அச்சு அசல் அப்படியே இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் பிரிக்க முடியாது. இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். முற்றாத கோலை சிஸ்ட்டிலும் 4 வரலாம். நாலைந்து சிஸ்ட்டாவது பாருங்கள்.

கோலை என்று உறுதியானால் 'என்டமீபா கோலை சிஸ்ட்' என்று முழுப்பெயர் எழுதுங்கள். 'ஈ. கோலை' என்று சுருக்கினால் அது பாக்டீரியா ஆகிவிடும். கோலைக்கு மருந்து வேண்டாம், ஆனால் யாருடைய மலமோ குடிநீரிலோ உணவிலோ கலந்திருக்கிறது என்று அது காட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் குளோரின் அளவுக்கு இந்தச் சிஸ்ட் சாகாது.