ஆய்வுக் கட்டுரையை ஏஐயிடம் திருத்தக் கொடுக்கும்போது நான் சறுக்கிய இடம்

சாட்ஜிபிடியோ ஜெமினியோ, அக்கவுண்ட் திறப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வேலைக்கு வருகிறேன். தர்மபுரியில் என்னிடம் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளில் வருஷத்துக்கு ரெண்டு பேராவது போர் தண்ணீரில் ஃபுளோரைடு அளப்பார்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு கூடியதால் பல்லில் கறையோடு வளர்ந்தவர்களே அதை அளக்க வருவதும் உண்டு. அளப்பதில் குறையில்லை, இங்கிலீஷில் எழுதச் சொன்னால்தான் முகம் வாடிவிடும்.

முதலில் தமிழில் எழுதுங்கள். எதை அளந்தீர்கள், என்ன எண் வந்தது, எது இன்னும் தெரியவில்லை, நாலு வரி போதும், நோட்டில் தேதி போட்டு. வெறுங்கையோடு போய் "ஃபுளோரைடு பற்றி முன்னுரை எழுதிக் கொடு" என்றால் எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு பத்திதான் வரும்.

அடுத்து, அதை உங்களுக்கு வந்த இங்கிலீஷில் எழுதி, ஒரு தடவைக்கு ஒரு பத்தி மட்டும் கொடுங்கள். நான் கொடுக்கும் கட்டளை இது: "இலக்கணத்தை மட்டும் திருத்து. எண், அலகு, மேற்கோள், 'இருக்கலாம்' போன்ற தயக்கச் சொற்கள் எதையும் தொடாதே. மாற்றிய இடங்களைத் தனியே சொல்." சொல்லும், ஆனால் அதை நம்பாதீர்கள். மூன்று இடம் மாற்றினேன் என்றது, நான் எண்ணியபோது ஏழு.

மூன்றாவதுதான் நான் சறுக்கிய இடம். ஆழமான போர்களில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்தது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். 'மே பி அசோசியேட்டட் வித்' என்று இருந்ததை ஏஐ 'லீட்ஸ் டு', அதாவது ஆழத்தால்தான் கூடுகிறது என்று ஆக்கிவிட்டது. படிக்க அவ்வளவு வழவழப்பாக இருந்ததால் நானும் அப்படியே ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். ஆழம்தான் காரணம் என்று எந்தச் சோதனையில் நிரூபித்தீர்கள் என்று கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் ஒரே வரியில் கேட்டார். நம் பக்கத்துப் பாறையில் இருக்கும் பயோடைட், அபடைட் மாதிரிக் கனிமங்களிலிருந்துதான் ஃபுளோரைடு கரைகிறது. தண்ணீர் எத்தனை காலம் பாறையோடு கிடந்தது, கால்சியம் குறைவா, பைகார்பனேட் அதிகமா, எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆழம் வெறும் அடையாளமாகக்கூட இருக்கலாம். இது வகுப்பில் நானே நடத்துகிற பாடம், வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது வேர்டில் ரிவ்யூ போய் கம்பேர் போடாமல் எதையும் ஏற்பதில்லை. பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டையும் கொடுத்தால் மாறிய சொல்லெல்லாம் நிறத்தில் தெரியும். வினைச்சொற்களையும் எண்களையும் மட்டும் முதலில் பாருங்கள். லிப்ரே ஆபீஸிலும் இந்த வசதி இருக்கிறது. காசு வாங்கும் இலக்கணச் செயலி எதுவும் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி.

எண் மாறாமலே பொருள் மாறுவதும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை 'அக்செப்டபிள்' (ஏற்கத்தக்கது), வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை 'பெர்மிசிபிள்' (அனுமதிக்கத்தக்கது). ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஏஐ ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுவிடும்.

மேற்கோள் பட்டியலை அதனிடம் கேட்கவே வேண்டாம், இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் கொடுக்கும். கேட்டுத் தொலைத்திருந்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்ணான டிஓஐயையும் திறந்து தலைப்பு ஒத்துப்போகிறதா பாருங்கள், இணைப்பு திறந்தால் மட்டும் போதாது. மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் சொட்டீரோ செயலி இலவசம், அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஏஐயை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்று நேச்சர், சயன்ஸ் ஆய்விதழ்கள் இரண்டும் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டன.

பின்சேர்க்கை: லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான், கம்பேர் எப்படி என்று ஒரு தம்பி கமெண்டில் கேட்டிருந்தார். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பழையதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் புதியதைப் பாருங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் தப்பாது.

இன்னொன்று: சர்வே தாளில் இருக்கும் ஊர்க்காரர்களின் பெயர், போன் நம்பரை அப்படியே ஏஐயில் ஒட்டாதீர்கள்.

சொந்தமாக எழுதியதையே ஏஐ எழுதியது என்று, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் காட்டுகிறது என்றார் ஒரு அக்கா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்த டிடெக்டரையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது, அதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அந்தத் தேதி போட்ட தமிழ் நோட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.