அமெரிக்கக் குடும்ப வேர்களைத் தேட: கவுண்டி ஆவணங்களை எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் மருமகனோ மருமகளோ அந்த நாட்டுக்காரராக இருப்பது இப்போது சாதாரணம். பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொன்னால், நம் பக்கத்துப் பெயர்களை ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம். மற்றப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதிவு. "எங்க ஆளுங்க கென்டக்கியிலேர்ந்து வந்தவங்க" என்ற ஒரே ஒரு வரி கையில் இருந்தாலும் இருநூறு ஆண்டு பின்னால் போய்விட முடியும்.

புதிதாகத் தேட வருகிறவர்கள் பெரும்பாலும் பெயரைத் தட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஜான் ஸ்மித் என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் யார் நம்மவர் என்று எப்படிச் சொல்வது? இடத்தைப் பிடித்தால் ஆள் தானாக வந்து சேர்வார். அங்கே கல்யாணம், நிலம், உயில், வழக்கு எல்லாம் பதிவானது கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில்தான். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, மாநிலத்துக்குள் ஒரு பிரிவு. எனவே முதலில் கவுண்டி, அப்புறம் பெயர்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. டெக்சாஸில் மட்டும் 254. டெலவேரில் வெறும் 3. லூசியானாவில் இவற்றுக்குப் 'பாரிஷ்' என்று பெயர். கென்டக்கியில் 120. இந்தப் பதிவில் கென்டக்கியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வழிமுறை மற்ற மாநிலங்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

படி 1: இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் பேசி, கடைசியாக இறந்தவரின் பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கென்டக்கியில் 1911 முதல் பிறப்பு, இறப்புகளை மாநில அரசே முறையாகப் பதிவு செய்து வருகிறது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயர்கள் இருக்கும். அம்மாவுக்குப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். தகவல் தந்தவர் யார் என்பதையும் பாருங்கள். மகள் தந்த தகவலுக்கும் மருத்துவமனைக்காரர் தந்ததற்கும் வித்தியாசம் உண்டு.

படி 2: சென்சஸில் கவுண்டியைக் குறியுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். 1940-இல் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரின் பெயர் அருகே வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் இருக்கும். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாளில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனை மகன் என்று எழுதிவிடாதீர்கள். அவன் அக்கா மகனாகவும் இருக்கலாம். 1850-க்கு முன்னால் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான்; மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

1890-ஐத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, அந்தத் தாள்களில் மிகப் பெரும்பகுதி இல்லாமலே போய்விட்டது.

ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கவுண்டியின் பெயர் எழுதியிருக்கும். இந்தப் படியில் நமக்கு முக்கியமாக வேண்டியது அதுதான். ஆண்டையும் கவுண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் போடுங்கள்.

படி 3: அந்த ஆண்டில் அது எந்தக் கவுண்டி?

தேடல் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 வரை தென்னாற்காடு, அப்புறம் விழுப்புரம், 2019 முதல் தனி மாவட்டம். வீட்டை விட்டு நகராமலே ஒருவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருப்பார். கென்டக்கியிலும் அதே கதைதான், ஆனால் இன்னும் வேகமாக.

டான்வில் என்ற ஊரைப் பாருங்கள். 1776 முடிவில் கென்டக்கி முழுவதுமே வர்ஜீனியா மாநிலத்தின் ஒரே ஒரு கவுண்டி ஆனது. 1780-இல் அது ஃபயட், ஜெஃபர்சன், லிங்கன் என மூன்றாகப் பிரிந்தபோது டான்வில் பகுதி லிங்கனில் விழுந்தது. 1780-களின் நடுவில் லிங்கனிலிருந்து மெர்சர் பிரிந்தது. டான்வில் மெர்சருக்குப் போனது. 1842-இல் மெர்சரிலிருந்தும் லிங்கனிலிருந்தும் துண்டு எடுத்து 'பாயில்' என்ற புதுக் கவுண்டியை உருவாக்கி, டான்விலையே அதன் தலைநகர் ஆக்கினார்கள்.

புதுக் கவுண்டி பிறந்தாலும் பழைய பதிவேடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். எனவே டான்வில் குடும்பத்தின் 1835 கல்யாணத்தை டான்விலில் தேடினால் கிடைக்காது. மெர்சரின் தலைநகரான ஹாரட்ஸ்பர்க்கில் தேட வேண்டும். 1845-இல் வாங்கிய நிலம் டான்விலில் இருக்கும். 1782 என்றால் லிங்கனின் தலைநகர் ஸ்டான்ஃபோர்ட். 'ஆவணமே இல்லை' என்று பலர் கைவிட்ட தேடல்கள் இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்க்காததால் நின்றவை என்பது என் உறுதியான எண்ணம். சிகாகோவின் நியூபெரி நூலகம் எல்லா மாநிலங்களுக்கும் பழைய கவுண்டி எல்லைகளைத் தேதிவாரியாக வரைபடமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆண்டையும் அதில் பொருத்திப் பாருங்கள்.

படி 4: எந்த அலுவலகம்?

கென்டக்கியில் நிலப் பத்திரம், உயில், கல்யாணம் மூன்றும் கவுண்டி கிளார்க்கிடம். விவாகரத்தும் வழக்குகளும் சர்க்கியூட் கோர்ட் கிளார்க்கிடம். பழைய பதிவேடுகள் பலவற்றின் நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபிலிம்) கென்டக்கியின் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உண்டு. மற்ற மாநிலங்களில் பெயர்கள் மாறும். ஓஹையோவில் கல்யாணப் பதிவு புரோபேட் கோர்ட்டில் (இறந்தவர்களின் உயில், சொத்து விவகாரங்களைப் பார்க்கும் கோர்ட்), நிலம் ரெக்கார்டர் என்ற அதிகாரியிடம். வட கரோலினாவில் நிலமும் கல்யாணமும் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்ற பத்திரப் பதிவு அதிகாரியிடம். வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் பகுதியில், கனெக்டிகட், வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் டவுன் கிளார்க்கைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கவுண்டிக்கு வேலை குறைவு.

படி 5: வீட்டிலிருந்தே படத்தைப் பாருங்கள்

ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் புனிதர்களின் திருச்சபை (மார்மன் சபை) நடத்தும் வம்சாவளித் தளம் இது. 1938 முதல் கவுண்டி கவுண்டியாகப் போய் நுண்படம் எடுத்தார்கள். அந்தச் சுருள்கள் இப்போது டிஜிட்டலாகிவிட்டன.

பெயர் தேடலை விட்டுவிட்டு கேட்டலாக் பகுதிக்குப் போங்கள். இடம் என்ற பெட்டியில் முதலில் மாநிலம், பிறகு கவுண்டி கொடுங்கள். நிலம், கல்யாணம், புரோபேட், வரி என்று வகைவாரியாக வரும். ஒரு தொகுப்பைத் திறந்தால் சுருள்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் அருகே கேமரா படமும் தெரியும். கேமராவின் மேல் சாவி இருந்தால் அந்தச் சுருளை அவர்களுடைய மையத்திலோ அவர்களோடு இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் அப்படி இணைந்தவை, கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் பக்கங்களைக் கணினியே படித்துத் தேடித் தரும் முழு உரைத் தேடலும் வந்துவிட்டது. அருமையான வசதி. ஆனால் பழைய கையெழுத்தை அது தப்பாகப் படிக்கும் இடங்கள் நிறைய. அது காட்டாததால் இல்லை என்று ஆகாது.

படி 6: மூன்று பதிவேடுகள்

கல்யாணப் பதிவில் பழைய கென்டக்கியில் 'பாண்ட்' என்று ஒரு தாள் இருக்கும். இந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் தந்த உறுதிப் பத்திரம் அது. அந்த இன்னொருவர் பல நேரம் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன். 21 வயது நிரம்பாத பெண் என்றால் அப்பா எழுதிக்கொடுத்த சம்மதச் சீட்டும் கூட இருக்கலாம். பாண்டின் தேதியைக் கல்யாணத் தேதி என்று எழுதிவிடாதீர்கள். பாதிரியார் திருப்பி அனுப்பிய சீட்டில்தான் அது இருக்கும்.

நிலப் பத்திரம் என்றால் எனக்குத் தனி ஆசை. எழுதிக்கொடுத்தவர் பெயரில் ஒரு அட்டவணை, எழுதி வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை இருக்கும், இரண்டையும் பாருங்கள். 1830-களின் பத்திரம் ஒன்றைத் திறந்தால் முதலில் தேதி. அடுத்து எழுதிக்கொடுப்பவரும் அவர் மனைவியும், இன்ன கவுண்டிக்காரர்கள் என்று. பிறகு வாங்குபவரும் அவருடைய கவுண்டியும். அவர் எங்கிருந்து வந்தார் என்பது பல நேரம் இங்கேதான் தெரியும். தொகை. அப்புறம் எல்லை: ஓடைக் கரையில் ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடகிழக்கே இத்தனை 'போல்' (pole என்ற பழைய நில அளவு) தூரம் போய் ஒரு மேப்பிள் மரம், அங்கிருந்து பக்கத்து நிலக்காரரின் மூலை, திரும்ப அந்த ஓக் மரம். ஒரு போல் பதினாறரை அடி. எழுதத் தெரியாதவர் கீறிய பெருக்கல் குறியைச் சுற்றி அவர் பெயரைக் கிளார்க் எழுதியிருப்பார். கடைசியில் ஒரு குறிப்பு: மனைவியைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து விசாரித்தோம், அவர் மனமொப்பித் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். கணவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இருந்ததால் வந்த நடைமுறை இது. 1850-க்கு முந்தைய சென்சஸில் வெறும் எண்ணிக்கையாக இருந்த பெண்களின் பெயர் இங்கே வந்துவிடுகிறது. பக்கத்து நிலக்காரர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சம்பந்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே நிலத்தை எழுதிக்கொடுத்திருந்தால் விடவே விடாதீர்கள். அப்பா இறந்து வாரிசுகள் விற்கிறார்கள் என்று பொருள். மகள்களின் பெயர்கள் மாப்பிள்ளைகளின் பெயர்களோடு ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

மூன்றாவது புரோபேட். உயிலோடு நிறுத்தாமல் சொத்துக் கணக்கு, ஏல விற்பனைப் பட்டியல், சிறார்களுக்குப் பாதுகாவலர் நியமனம் எல்லாவற்றையும் பாருங்கள். உயில் எழுதாமல் இறந்தவருக்கும் இவை உண்டு. பாதுகாவலர் ஏட்டில் ஒரு பிள்ளையை அனாதை என்று எழுதியிருந்தால் அப்பா இல்லை என்று மட்டும் கொள்ளுங்கள். அம்மா உயிரோடு இருந்திருக்கலாம்.

இந்தச் சொத்துக் கணக்குகளைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும். கென்டக்கி அடிமை முறை இருந்த மாநிலம். மாடு, கலப்பை, கட்டில் என்று போகும் வரிசையில் மனிதர்களின் பெயரும் பக்கத்தில் ஒரு விலையும் இருக்கும். 1850, 1860 சென்சஸோடு எடுத்த அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைப்பட்டவர்களுக்கு வயது, பால், நிறம் மட்டும், மிக அரிதாகத்தான் பெயர். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 சென்சஸில். நீங்கள் தேடுவது கறுப்பினக் குடும்பம் என்றால், 1870-இல் அவர்கள் இருந்த கவுண்டியைப் பிடித்து, அங்கே நிலம் வைத்திருந்தவர்களின் உயில்களையும் சொத்துக் கணக்குகளையும் வரி வரியாகப் பார்ப்பதுதான் வழி. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றவர்களுக்காக இயங்கிய ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் ஏடுகளும் ஃபேமிலிசர்ச்சில் உண்டு. நீங்கள் தேடுவது வெள்ளையர் குடும்பமாக இருந்தாலும், அவர்களுடைய உயிலில் இந்தப் பெயர்களைக் கண்டால் தாண்டிப் போகாமல் படியெடுத்து வையுங்கள். யாரோ ஒரு குடும்பம் அந்த ஒரு வரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

படி 7: கட்டடம் எரிந்துபோயிருந்தால்

நீதிமன்றக் கட்டடம் தீப்பிடித்த கவுண்டிகள் நிறைய. சரி, அதோடு முடிந்துவிடாது. தீக்குப் பிறகு மக்கள் வீட்டில் இருந்த மூலப் பத்திரத்தைக் கொண்டுவந்து மறுபடி பதிந்தார்கள். அதனால் பழைய பத்திரம் பிந்தைய ஆண்டு ஏட்டில் இருக்கலாம். கென்டக்கியின் 1790, 1800 சென்சஸ் தாள்கள் இன்று இல்லை. அந்த இடத்தை வரிப் பட்டியல்கள் நிரப்புகின்றன. ஆண்டுதோறும் எடுத்தவை என்பதால், ஒருவர் பெயர் எந்த ஆண்டு நின்று, எந்த ஆண்டு விதவை பெயர் வந்தது என்பதை வைத்து அவர் இறந்த காலத்தைக் கணிக்கலாம். பக்கத்துக் கவுண்டிகளையும் பாருங்கள்.

படி 8: கிளார்க்குக்கு எழுதுவது

இணையத்தில் இல்லாததற்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு ஆவணம். பெயர், ஆவண வகை, ஐந்து ஆண்டுக்குள் ஒரு காலம். அட்டவணையில் ஏட்டு எண், பக்க எண் கிடைத்திருந்தால் அதையும் கொடுங்கள். கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அவர்கள் ஆராய்ச்சி செய்து தரமாட்டார்கள். அதற்கு உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தையோ நூலகத்தின் வம்சாவளிப் பிரிவையோ அணுகலாம். கவுண்டிவாரியாகத் தன்னார்வலர்கள் நடத்தும் யுஎஸ்ஜென்வெப் என்ற வம்சாவளித் தளம் 1996-இல் தொடங்கியதே கென்டக்கியில்தான். படியெடுத்த பக்கம் ஒவ்வொன்றிலும் கவுண்டி, ஏட்டு எண், பக்கம், பார்த்த தேதி நான்கையும் குறித்துவிடுங்கள்.

1792 ஜூன் 1-க்கு முன்னால் கென்டக்கி தனி மாநிலம் இல்லை. தேடல் அந்தத் தேதியைத் தாண்டிப் போனால், வர்ஜீனியா அரசு கென்டக்கியில் கொடுத்த நிலப் பட்டாக்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள கென்டக்கி நில அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் குடும்பம் அப்பலாச்சியன் மலை தாண்டிக் கென்டக்கிக்கு வருவதற்கு முன் இருந்த கவுண்டி வர்ஜீனியாவில் இருந்தால், ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா நூலகத்தில் மறுபடி மூன்றாம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.