ஃபைலைத் திறந்தால் எழுத்தெல்லாம் குழம்பியிருக்கிறதா? முதலில் சேவ் பண்ணாதீர்கள்

நேற்று எழுதி மூடிய ஃபைலை இன்று திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஒரு ஆர், மறுபடி அதே ஏ, அதே ஆர் என்று பக்கம் முழுக்க ஓடுகிறது. இப்படி ஆனால் கண்ட்ரோல் எஸ் பக்கமே போகாதீர்கள். ஆட்டோ சேவ் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் ஃபைலுக்கு எதுவும் ஆகியிருக்காது, எடிட்டர் (ஃபைலைத் திறந்து எழுதும் மென்பொருள்) அதைத் தப்பாகப் படிக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் அதே இரண்டு எழுத்து? ஃபைலில் எழுத்துகள் பைட் எனும் எண்களாகத்தான் இருக்கும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்குதான் என்கோடிங். இன்று பரவலாக இருக்கும் யூ.டி.எஃப்-8 என்கோடிங்கில் 'த' என்பது 224, 174, 164 என்று மூன்று பைட். தமிழில் எந்த எழுத்தானாலும் முதல் பைட் 224தான், இரண்டாவது 174 அல்லது 175. எடிட்டர் இதை விண்டோஸ் 1252 (ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கான பழைய என்கோடிங்) என்று நினைத்துவிட்டால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டும். அதில் 224 அந்த ஏ, 174 அந்த ஆர். ஆக இவை கண்ணில் பட்டால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சரி, மீட்பது எப்படி? விஎஸ் கோடு எடிட்டரில் கீழே வலது பக்கம் என்கோடிங் பெயர் இருக்கும், அதைத் தட்டினால் இரண்டு வழி காட்டும். 'ரீஓபன் வித் என்கோடிங்' ஃபைலைத் தொடாமல் திரும்பப் படிக்கும், உங்களுக்கு வேண்டியது இதுதான். 'சேவ் வித் என்கோடிங்' ஃபைலையே மாற்றி எழுதிவிடும், குழப்பத்தில் இதை அழுத்தித்தான் நிறைய பேர் நல்ல ஃபைலைக் கெடுக்கிறார்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரிலும் இதே கதைதான்: என்கோடிங் மெனுவில் 'கன்வெர்ட்' என்று தொடங்குபவை மாற்றி எழுதுபவை, மேலே இருக்கும் சாதாரண 'யூ.டி.எஃப்-8' வெறுமனே படிக்கும் விதத்தை மாற்றுவது.

ஏற்கெனவே குழம்பிய நிலையிலேயே யூ.டி.எஃப்-8 ஆக சேவ் ஆகிவிட்டதா? அப்போதும் ஒரு வழி உண்டு. ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் முதலில் ஆன்ஸிக்கு கன்வெர்ட் செய்து (ஆன்ஸி என்பது விண்டோஸின் பழைய என்கோடிங், உங்கள் கணினியில் அது 1252 ஆக இருக்க வேண்டும்), அப்புறம் சாதாரண 'யூ.டி.எஃப்-8' தேர்ந்தெடுங்கள். ஆனால் குழம்பிய எழுத்தைக் காப்பி பேஸ்ட் செய்து இதை முயலாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கடைசி பைட் 141, தமிழ் 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. இந்த மூன்றுக்கும் 1252இல் எழுத்தே கிடையாது, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை வழியில் உதிர்ந்துவிடலாம், அப்புறம் தமிழில் மெய்யெழுத்தெல்லாம் உடைந்து நிற்கும்.

வரி முழுக்கக் கேள்விக்குறியாக இருந்து, சரியான என்கோடிங்கில் திறந்தும் அப்படியே நின்றால், மனதைத் தேற்றிக்கொண்டு பேக்கப்பைத் தேடுங்கள். அது ஆன்ஸியில் சேவ் ஆன ஃபைல், அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தும் நிஜமாகவே கேள்விக்குறியாகிவிட்டது. பழைய நோட்பேட் ஆன்ஸியைத்தான் முதலில் நீட்டும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் அது யூ.டி.எஃப்-8க்கு மாறியது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததென்றால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதற்கு என்கோடிங்கை மாற்றிப் பயனில்லை, யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவி வேண்டும்.

எக்செலில் மட்டும் சிஎஸ்வி ஃபைல் குழம்புகிறதென்றால், விஎஸ் கோடில் சரியாகத் திறந்து 'யூ.டி.எஃப்-8 வித் பிஓஎம்' என்று சேவ் செய்யுங்கள். தொடக்கத்தில் சேரும் அந்த மூன்று பைட்டைப் பார்த்தால் எக்செல் ஒழுங்காகப் படித்துவிடும்.