தூக்கணாங்குருவிக் கூட்டை எப்படிப் பார்க்கணும்?

எங்க ஊர்ப் பக்கம் மழை விழுந்து, புல்லும் நெல்லும் நாரு கிழிக்கிற அளவு வளர்ந்ததும் கிணத்து மேட்டுப் பனையையும் கருவேலத்தையும் அண்ணாந்து பாருங்க. தலை மஞ்சளான குருவிதான் ஆண். மத்த மாசங்கள்ல ஆணும் பொண்ணும் ஊர்க்குருவி மாதிரிதான் இருக்கும், பிரிச்சறிய முடியாது.

விடிஞ்சதும் போங்க. கொஞ்சம் தள்ளி, ஒரே இடத்துல உட்காருங்க. முதல்ல தேட வேண்டியது பாதிக்கூடு: நடுவுல ஒரு குறுக்குப் பட்டையோட, தொங்கவிட்ட தலைக்கவசம் போல இருக்கும். அதுல தொங்கிக்கிட்டு ஆண் சிறகடிச்சுக் கத்தும். பொண்ணு வந்து உள்ளே நுழைஞ்சு பார்க்கும். பிடிச்சாத்தான் கீழ்நோக்கின குழாயை ஆண் பின்னி முடிக்கும். பிடிக்கலைன்னா அந்தக் கூடு அரைகுறையாவே கிடக்கும். மரத்தடியில நிறைய பாதிக்கூடு கிடந்தா காத்து மேல மட்டும் பழி போடாதீங்க!

உள்சுவர்ல ஈரமண் அப்பியிருக்கும். எதுக்குன்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க.

பொண்ணு முட்டையிட்டு அடைகாக்க ஆரம்பிச்சதும் ஆண் பக்கத்துல அடுத்த கூட்டை ஆரம்பிச்சு, அடுத்த ஜோடிக்கு ஆள் தேடும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி 1930-ல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிமில் கவனிச்சு எழுதினது இதைத்தான்.

குஞ்சுக்கு இரையா பூச்சி வரும். அந்தச் சமயம் கிளையை அசைக்காதீங்க. குஞ்சு பறந்த பிறகும் கூட்டை வீட்டு அலங்காரத்துக்கு வெட்டாதீங்க, பழைய கூட்டுல சில்லைங்கிற சின்னக் குருவிகள் குடியேறும்.