பி.பி.சி. மைக்ரோ: ஒரே வெக்டரில் இரண்டு ரெசிடென்ட் புரோகிராம்

1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினி ஒன்று, ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் ஏதோ பீரோவிலிருந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலைக்குளிரிலும் பகல் வெயிலிலும் சுருங்கி விரிந்து சாக்கெட்டில் சிப்கள் மெல்ல எழும்பியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்துங்கள். புரோகிராமைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

நினைவகத்தில் தங்கிப் பின்னணியில் ஓடுவது ரெசிடென்ட் புரோகிராம். மூலையில் கடிகாரம் காட்டும் புரோகிராம், விசைக்கு ஒலி தரும் புரோகிராம் இரண்டும் தனித்தனியே நன்றாக ஓடும். சேர்த்துப் போட்டால் முதலில் போட்டது செத்துவிடும். இரண்டுமே &220, &221 என்ற (பதினாறு அடிமான) முகவரிகளில் உள்ள ஈவன்ட் வெக்டரில், அதாவது ஒரு நிகழ்வு (ஈவன்ட்) நடக்கும்போது எந்த ரொட்டீனை அழைப்பது என்று குறித்து வைக்கும் இரண்டு பைட்டில், தன் முகவரியை எழுதுவதுதான் காரணம்.

எழுதும் முன் அங்கிருக்கும் இரண்டு பைட்டையும் எடுத்து வையுங்கள், இரட்டைப்படை முகவரியில். கீழ் பைட் 255 ஆக உள்ள முகவரியில் வைத்தால், இந்தக் கணினியின் செயலியான 6502 மேல் பைட்டைத் தவறான இடத்திலிருந்து எடுக்கும். அந்தச் சிப்பின் பழைய குறை அது. பிறகு எஸ்இஐ (இன்டரப்ட் எனும் குறுக்கீட்டை நிறுத்தும் கட்டளை), இரண்டு பைட்டும் எழுது, சிஎல்ஐ (மீண்டும் அனுமதிக்கும் கட்டளை). இன்டரப்டை நிறுத்தாவிட்டால் ஒரு பைட் புதிதும் ஒரு பைட் பழையதுமாக இருக்கும் நொடியில் ஈவன்ட் வந்து மெஷின் தொங்கும். கடைசியாக ஈவன்ட் 4-ஐ இயக்கும் *எஃப்எக்ஸ் 14,4. இனி திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், விநாடிக்கு 50 தடவை, உங்கள் ரொட்டீன் அழைக்கப்படும்.

உள்ளே நுழைந்ததும் செயலியின் நிலைக் கொடிகளோடு ஏ, எக்ஸ், ஒய் ரெஜிஸ்டர்கள் மூன்றையும் ஸ்டாக்கில் தள்ளுங்கள். வேலை முடிந்ததும் மீட்டு, ஆர்டிஎஸ் (திரும்பு) போடாமல், எடுத்து வைத்த முகவரி வழியே ஜேஎம்பி (தாவு). ஏ-யில் ஈவன்ட் எண் கெடாமல் போனால்தான் அடுத்தவர் தன் ஈவன்டை அடையாளம் காண்பார். எல்லோருடைய வேலையும் சேர்ந்து 2 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது. உள்ளே சிஎல்ஐ கூடவே கூடாது.

உங்கள் ரொட்டீனுக்கு இடம்: பேசிக் புரோகிராம் தொடங்கும் முகவரியான பேஜை 256 பைட் உயர்த்தி நியூ கொடுங்கள், விட்ட இடத்தில் வையுங்கள். இரண்டாவது புரோகிராம் இன்னொரு 256 உயர்த்த வேண்டும். &70-லிருந்து பயனருக்கு உள்ள 32 ஜீரோ பேஜ் (நினைவகத்தின் முதல் 256 பைட்) பைட்களையும் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் சிக்குவது இரண்டு முறை நிறுவுவதில்தான். அப்போது எடுத்து வைக்கும் பழைய முகவரி உங்களுடையதாகவே இருக்கும். தன்னையே துரத்தும் வளையம். வெக்டர் உங்களைக் காட்டுகிறதா என்று பார்ப்பது போதாது. நடுவே இன்னொருவர் இருந்தால் ஏமாறுவீர்கள். நிறுவியாயிற்று என்று காட்டச் சொந்தக் கொடி (அடையாள பைட்) ஒன்று வேண்டும்.

கழற்றுவதும் அப்படித்தான். வெக்டர் உங்களைக் காட்டினால் மட்டும் பழையதைத் திருப்பி எழுதுங்கள். இல்லையென்றால் ரொட்டீனை அங்கேயே விட்டு, வேலை செய்யாமல் நேரே ஜேஎம்பிக்குப் போகச் சொல்லுங்கள். ஈவன்ட் 4-ஐ நிறுத்தும் *எஃப்எக்ஸ் 13,4 அடித்தால் மற்றவரின் கடிகாரமும் நின்றுவிடும்.

பிரேக் விசையை அடித்தால் வெக்டர்களும் பேஜும் பழைய நிலைக்குத் திரும்பும். ரொட்டீன் நினைவகத்தில் இருக்கும், நிறுவியாயிற்று என்று கொடியும் பொய் சொல்லும். அப்போது மட்டும் வட்டிலிருந்து புதிதாக ஏற்றுங்கள். ஓடிக்கொண்டிருப்பதன் மேலேயே ஏற்றினால் எடுத்து வைத்த முகவரி அழியும். ஆடி மழையில் மின்சாரம் போய் வந்தால் எதுவுமே மிஞ்சாது. ஏற்றும் கட்டளைகளை ஒரு !பூட் கோப்பில் வரிசையாக வைத்துவிட்டால் ஷிஃப்ட்–பிரேக் ஒன்றில் எல்லாம் திரும்பும்.